உங்கள் தெருவை வரைபடத்தில் ஏற்றுவது எப்படி?

மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றிச் சதுரத்துக்குள் சதுரமாக வீதிகள் ஓடுகின்றன. சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, அதற்கும் அப்பால் வெளி வீதி. மாசி வீதியின் மேற்குப் பக்கத்தை மதுரைக்காரர் யாரும் 'மேற்கு மாசித் தெரு' என்று சொல்ல மாட்டார். அது மேல மாசி வீதி. எதிர்ப்பக்கம் கீழ மாசி வீதி. ஆங்கிலப் பலகையில் உள்ள 'வெஸ்ட்' என்ற சொல்லை இயந்திரத்திடம் கொடுத்தால் 'மேற்கு' என்றுதான் திருப்பித் தரும். திசை ஒன்றுதான். ஆனால் ஆட்டோக்காரரிடம் ஒன்றைச் சொன்னால் வண்டி கிளம்பும், மற்றதைச் சொன்னால் திரும்பிப் பார்ப்பார்.

வானத்திலிருந்து எடுத்த படத்தில் கூரை தெரியும், ரோடு தெரியும். அந்த ரோட்டை ஊர் எப்படிக் கூப்பிடுகிறது, சந்துக்குள் ஆட்டோ நுழையுமா, ரேஷன் கடை எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்பதெல்லாம் தெரியாது. அதைச் சேர்க்கத்தான் தன்னார்வலர்கள் தேவைப்படுகிறார்கள். கணினி அறிவு கொஞ்சம் போதும். நடக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

இது என்ன வரைபடம்?

ஓப்பன் ஸ்ட்ரீட் மேப், சுருக்கமாக ஓ.எஸ்.எம். 2004இல் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் இங்கிலாந்தில் தொடங்கியது. அங்கே அரசு நிலஅளவை நிறுவனத்தின் வரைபடத் தரவைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது; நாமே வரைந்தால் என்ன என்று கிளம்பினார்கள். விக்கிப்பீடியா போலத்தான் இதுவும், யார் வேண்டுமானாலும் திருத்தலாம். ஒரு வேறுபாடு உண்டு. கூகுள் மேப்பில் நீங்கள் ஒரு கடையைச் சேர்த்தால் அந்தத் தரவு கூகுளுக்குப் போகிறது. இங்கே சேர்த்தால் அதை யாரும் மொத்தமாக இறக்கிக்கொள்ளலாம், செயலி செய்யலாம், அச்சிட்டு விற்கவும் செய்யலாம். 'ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் பங்களிப்பாளர்கள்' என்று குறிப்பிட வேண்டும். தரவைத் திருத்தி வெளியிட்டால் அதையும் இதே உரிமத்தில் திறந்து வைக்க வேண்டும். 2012 முதல் இதுதான் உரிமம்.

பயன் என்ன என்று கேட்பவர்களுக்கு இரண்டு சம்பவங்கள். 2010 ஜனவரியில் ஹெய்ட்டியில் நிலநடுக்கம் வந்தபோது தலைநகருக்கு உருப்படியான வரைபடம் இல்லை. உலகெங்கும் இருந்த தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துச் சில நாள்களில் தெருக்களை வரைந்தார்கள், மீட்புக் குழுக்கள் அதை வைத்து வேலை செய்தன. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது, வெள்ளம் சூழ்ந்த சாலைகளை மக்களே சொடுக்கிக் குறிக்கும் இணையப் படம் ஒன்று இதே தரவின் மேல் கட்டப்பட்டது. சாலை ஏற்கெனவே வரையப்பட்டிருந்ததால்தான் சொடுக்க முடிந்தது. தமிழ் விக்கிப்பீடியாக் கட்டுரைகளில் ஓரத்தில் வரும் வரைபடங்கள் பலவும் இங்கிருந்து வருபவைதான்.

முதலில் ஒரு தடை

கூகுள் மேப்பைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு பெயர்களைப் பார்த்து எழுதாதீர்கள். ஸ்ட்ரீட் வியூவில் பலகையைப் படித்து எழுதுவதும் கூடாது. அது காப்புரிமை உள்ள தரவு. அப்படிச் சேர்த்தது தெரிந்தால் உங்கள் மொத்தப் பங்களிப்பையும் நீக்க வேண்டிவரலாம். பாதி நாள் உழைப்பு போய்விடும். புதிதாக வருபவர்களில் நல்லெண்ணத்தோடு தவறு செய்கிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகிறார்கள். உங்கள் கண்ணால் பார்த்தது, உங்களுக்கு நேரடியாகத் தெரிந்தது, ஓ.எஸ்.எம். பயன்படுத்த அனுமதி பெற்ற வான்படம் ஆகிய மூன்றும் போதும்.

கணக்கும் கைப்பேசியும்

ஓ.எஸ்.எம். தளத்தில் மின்னஞ்சல் கொடுத்துக் கணக்குத் தொடங்குங்கள். பயனர்பெயர் எல்லோருக்கும் தெரியும், நீங்கள் எப்போது எந்த ஊரில் எதைத் திருத்தினீர்கள் என்பதும் தெரியும். சொந்தப் பெயர் வேண்டாம் என்றால் புனைபெயர் வைத்துக்கொள்ளுங்கள். விருப்பங்களில் மொழியைத் தமிழாக்கினால் திருத்தும் கருவியும் தமிழுக்கு மாறும். எல்லாம் தமிழாக்கப்பட்டிருக்காது, நடுவில் ஆங்கிலம் எட்டிப் பார்க்கும்.

ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்கள் 'ஸ்ட்ரீட் கம்ப்ளீட்' செயலியிலிருந்து தொடங்குவது நல்லது. நீங்கள் நிற்கும் இடத்தைச் சுற்றி என்ன விவரம் விடுபட்டிருக்கிறதோ அதைக் கேள்வியாகக் கேட்கும். இந்தச் சாலை தார் சாலையா, மண் சாலையா? இந்தக் கட்டடம் எத்தனை மாடி? பதில் சொன்னால் தானாகப் பதிவாகும். எதையும் உடைக்க முடியாது என்பதுதான் இதன் அழகு. கடைகளைச் சேர்க்க 'எவ்ரி டோர்' வசதியானது, ஐபோனிலும் ஆண்ட்ராய்டிலும் இருக்கிறது. ஐபோனில் முழுத் திருத்தம் செய்ய 'கோ மேப்' உண்டு. எல்லாவற்றையும் ஒரே நாளில் இறக்காதீர்கள், ஒன்று போதும்.

எவ்வளவு பெரிய இடம்?

இரண்டு தெரு. அதற்குமேல் முதல் நாள் வேண்டாம். 'எங்கள் தாலுகா முழுவதும்' என்று தொடங்கியவர்கள் மூன்றாம் வாரம் காணாமல் போவதைப் பார்த்திருக்கிறேன். தினமும் நடக்கும் இரண்டு தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் தளத்தில் அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். என்ன இருக்கிறது, எது இல்லை, எது தப்பு என்று ஒரு தாளில் எழுதுங்கள். அந்தப் பகுதியைத் திரைப்பிடிப்பு எடுத்து அச்சிட்டுக்கொண்டு போனால் இன்னும் நல்லது. வெயிலில் கைப்பேசித் திரை மங்கும், தாள் மங்காது.

ஞாபகத்திலிருந்து எழுத வேண்டாம். பதினைந்து வருடம் குடியிருந்த தெருவை வீட்டிலிருந்தபடியே வரைந்தேன். மறுநாள் போய்ப் பார்த்தால் பிள்ளையார் கோயில் தெருவின் எதிர்ப்புறம் இருந்தது. தினமும் கும்பிட்ட பிள்ளையார்.

நடை

காலை ஏழு மணி நல்ல நேரம் என்று தோன்றும், ஆனால் கடை ஷட்டர்கள் மூடியிருக்கும். பத்து மணிக்குப் போங்கள். ஒரு முனையிலிருந்து தொடங்கி இடப்பக்கம் முழுவதும், பிறகு திரும்பி வரும்போது மறுபக்கம். கடைப் பலகைகளைப் படம் எடுத்துக்கொண்டே போனால் வீட்டுக்கு வந்து எழுத்துக்கூட்டலைச் சரிபார்க்கலாம். கைப்பேசிக் கேமராவில் இருப்பிடப் பதிவைப் போட்டுவிட்டால் எந்தப் படம் எங்கே எடுத்தது என்ற குழப்பமும் இல்லை. ஆள் முகம் விழாமல் எடுங்கள். ராணுவ இடம், விமான நிலையம் போன்றவற்றின் பக்கம் கேமராவை நீட்டாதீர்கள்.

நீங்கள் தாளும் பேனாவுமாக நிற்பதைப் பார்த்தால் கேள்வி வரும். "தம்பி, ரோட்ட அகலப்படுத்தப் போறாங்களா?" இந்தக் கேள்வி வராத தெருவை நான் இன்னும் பார்க்கவில்லை. பட்டா அளக்க வந்தவர், கரண்ட் ஆபீஸ் ஆள், ஏதோ ஒரு கட்சி, இவற்றில் ஒன்றாகத்தான் முதலில் உங்களை நினைப்பார்கள். "இல்லைங்கய்யா, மேப்புல நம்ம தெருப் பேரு இல்ல, சேர்க்கிறேன்" என்று சொல்லித் திரையைக் காட்டுங்கள். அதற்குப் பிறகு கேட்காத தகவலும் வந்து விழும்: முன்பு இங்கே ஊருணி இருந்தது, இந்தச் சந்து அந்தப் பக்கம் முட்டுச்சந்து, அதோ அந்தப் பூட்டிய கடைதான் பழைய போஸ்ட் ஆபீஸ். அனுமதி பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு: 2021 பிப்ரவரியில் மத்திய அரசு புவியிடத் தரவு விதிகளைத் தளர்த்தியது. 1 மீட்டரைவிட நுணுக்கமான தரவுக்குத் தனி விதிகள் உண்டு, நம் கைப்பேசி அந்தத் துல்லியத்தை எட்டாது.

எதைக் குறிக்கலாம்? அங்கன்வாடி, ரேஷன் கடை, ஆரம்ப சுகாதார நிலையம், பேருந்து நிறுத்தம், மருந்துக்கடை, மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி, அடிபம்பு, கிணறு, கோயில், பள்ளிவாசல், சர்ச், ஏ.டி.எம்., டீக்கடை, கல்யாண மண்டபம், சுடுகாடு. அடுத்த வருடமும் இருக்கக்கூடியதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். திருவிழாவுக்கு மூன்று நாள் போட்ட கடை வேண்டாம். பத்து வருடமாக அதே வேப்ப மரத்தடியில் நிற்கும் இஸ்திரி வண்டியை நான் குறிப்பேன், சிலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

வீடுகளில் யார் குடியிருக்கிறார்கள் என்பதை எழுதவே கூடாது. 'எங்க வீடு' என்று ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போகும் பழக்கமும் உண்டு. அதை யாராவது வந்து அழிப்பார்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஜி.பி.எஸ். எவ்வளவு நம்பலாம்?

திறந்த வெளியில் நல்ல கைப்பேசி ஏறக்குறைய 5 மீட்டருக்குள் இடத்தைக் காட்டும். இரண்டு பக்கமும் மாடி வீடுகள் நெருக்கும் சந்தில் அதே கைப்பேசி பதினைந்து, இருபது மீட்டர் தள்ளிக் காட்டும். செயற்கைக்கோள் சிக்னல் நேராக வராமல் சுவரில் பட்டுத் திரும்பி வருவதால் தூரக் கணக்கு கெடுகிறது. ஆகவே சந்தில் எடுத்த ஒற்றைப் புள்ளியை நம்பாதீர்கள். வெளியே வந்தவுடன் சட்டென்று பதியவும் வேண்டாம், ஒரு நிமிடம் வானம் தெரியும் இடத்தில் நின்று சிக்னல் நிலைக்கட்டும்.

'ஆஸ்மாண்ட்' செயலியில் பயணத்தைப் பதிவு செய்யும் வசதி இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு நடந்தால் நீங்கள் போன தடம் ஜி.பி.எக்ஸ். கோப்பாகக் கிடைக்கும். ஒரே தெருவில் இரண்டு மூன்று தரம் நடந்து, தடங்களின் நடுவை எடுத்துக்கொண்டால் ஒற்றைத் தடத்தைவிடச் சரியாக வரும். கோப்பை ஓ.எஸ்.எம். தளத்தில் ஏற்றலாம். ஏற்றும் முன் ஒரு வேலை: தொடக்கத்தையும் முடிவையும் வெட்டி எடுங்கள். இல்லையென்றால் உங்கள் வீட்டு வாசலிலிருந்து கோடு கிளம்புவதை ஊரே பார்க்கும்.

எண்களை எழுதிக்கொள்கிறவர்களுக்கு: புள்ளிக்குப் பிறகு ஐந்து இலக்கம் என்றால் ஏறக்குறைய 1 மீட்டர். பத்து இலக்கம் எழுதுவதால் துல்லியம் கூடாது. அட்சரேகை முதலா, தீர்க்கரேகை முதலா என்பதில் கோப்புக்குக் கோப்பு வழக்கம் மாறும். மீனாட்சியம்மன் கோயில் 9.9195, 78.1193. இதைத் திருப்பிப் போட்டால் கோயில் வடதுருவத்தை ஒட்டிய ஸ்வால்பார்டு தீவுகளுக்கு மேற்கே கடலில் போய் நிற்கும்.

வரைதல்

வீட்டுக்கு வந்ததும், முடிந்தால் அன்றைக்கே, கணினியில் உட்காருங்கள். தளத்தில் உங்கள் தெருவைப் பெரிதாக்கித் 'தொகு' என்பதை அழுத்தினால் ஐடி என்ற எடிட்டர் உலாவியிலேயே திறக்கும். முதல்முறை ஒரு பயிற்சி காட்டும். இருபது நிமிடம் ஆகும், தாண்டிப் போகாதீர்கள். அதில் செய்வது எதுவும் உண்மையான வரைபடத்தைத் தொடாது.

மூன்று பொருள்கள்தான்: புள்ளி, கோடு, பரப்பு. டீக்கடை ஒரு புள்ளி. தெரு ஒரு கோடு. குளமும் கட்டடமும் பரப்பு. ஒவ்வொன்றுக்கும் இது என்ன என்று சொல்லும் ஒட்டுச்சீட்டு உண்டு, அதை டேக் என்பார்கள். நீங்கள் 'மருந்துக்கடை' என்ற வகையைத் தேர்ந்தெடுத்தால் டேக் தானாக ஒட்டிக்கொள்ளும். தமிழில் தேடி வகை கிடைக்காவிட்டால் ஆங்கிலத்தில் தேடுங்கள்.

வரையத் தொடங்கும் முன் பின்னணிப் படத்தைச் சோதியுங்கள். இதைச் சொல்ல எனக்கு ஒருவரும் இல்லை, அதனால் நாற்பது கூரைகளை அழகாக வரைந்து முடித்த பிறகுதான் படமே ஏழெட்டு மீட்டர் நகர்ந்திருந்தது தெரிந்தது. வான்படம் தரையோடு அச்சாகப் பொருந்தாது, ஊருக்கு ஊர் கொஞ்சம் விலகியிருக்கும். பின்னணி அமைப்பில் உள்ள மேலடுக்குப் பட்டியலில் ஜி.பி.எஸ். தடங்களை இயக்குங்கள். பலர் போன தடங்கள் சாலையின் நடுவில் விழுகின்றனவா? விழாவிட்டால் அதே அமைப்பில் படத்தை நகர்த்திப் பொருத்திவிட்டு வரையுங்கள். பிங், எஸ்ரி என்று படங்கள் ஒன்றுக்கு மேற்பட்டவை இருக்கும். ஒன்றில் மரம் மறைத்தது இன்னொன்றில் தெரியும்.

தெரு வரையும்போது முக்கியமானது இணைப்பு. ஒரு தெரு இன்னொன்றைத் தொடும் இடத்தில் இரண்டுக்கும் பொதுவான புள்ளி இருக்க வேண்டும். கண்ணுக்குத் தொட்டதுபோலத் தெரிந்தாலும், பொதுப்புள்ளி இல்லையென்றால் வழிகாட்டும் செயலிக்கு அங்கே சந்திப்பு இல்லை. ஊரைச் சுற்றிக்கொண்டு வரச் சொல்லும். பாலத்தின் மேல் போகும் ரோட்டையும் கீழே போகும் ரோட்டையும் இணைத்துவிடுவது இதற்கு நேர்மாறான தவறு.

சாலை வகையில் இந்தியாவுக்கென்று வழக்கம் இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலை 'ட்ரங்க்', மாநில நெடுஞ்சாலை 'பிரைமரி', மாவட்ட முக்கியச் சாலை 'செகண்டரி'. ஏற்கெனவே இருக்கும் பெரிய சாலைகளின் வகையை முதல் மாதம் தொடாதீர்கள். உங்கள் வேலை குடியிருப்புத் தெருக்களிலும் சந்துகளிலும்தான். வயலுக்குப் போகும் வண்டிப்பாதை 'ட்ராக்', ஒற்றையடிப் பாதை 'பாத்'. பைக் மட்டும் நுழையும் சந்தைக் குடியிருப்புத் தெரு என்று போட்டுவிட்டால், ஒருநாள் ஆம்புலன்ஸ் அந்த முனையில் வந்து நின்றுவிடும். பாதை என்று போட்டு, அணுகல் பகுதியில் பைக்குக்கு அனுமதி, காருக்கு இல்லை என்று குறியுங்கள்.

கட்டடத்துக்கு நான்கு மூலையையும் சொடுக்கிவிட்டு ஆங்கில விசையில் 'கியூ' அழுத்தினால் மூலைகள் செங்கோணமாகும். உயரமான கட்டடம் படத்தில் சாய்ந்து தெரியும். கூரையை வரைந்து, பிறகு மொத்தமாகத் தூக்கி அதன் அடி இருக்கும் இடத்தில் வையுங்கள்.

கண்மாய் என்னும் சிக்கல்

தென்மாவட்டத்துக்காரர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். வான்படம் பங்குனி, சித்திரையில் எடுத்ததாக இருந்தால் கண்மாய் வெறும் பொட்டலாகத் தெரியும், நடுவே கருவேலங்காடு. வெளியூரிலிருந்து வரைகிறவர் அதைத் தரிசு என்றோ புதர்க்காடு என்றோ போட்டுவிடுவார். அது நீர்நிலை என்பது உங்களுக்குத்தான் தெரியும். நீர்த்தேக்கப் பரப்பாக வரைந்து, ஆண்டு முழுவதும் நீர் இருக்காது என்ற குறிப்பையும் சேருங்கள். கரையைத் தனிக் கோடாக வரையலாம். மிகுந்த நீர் வெளியேறும் கலுங்கையும் குறிக்கலாம். வரத்துக்கால்வாய் வீட்டுமனைகளுக்கு நடுவே நூலாக ஓடினாலும் விடாதீர்கள். கண்மாயின் பெயரை ஊர்ப் பெரியவர் சொல்லும் வடிவத்தில் கேட்டு எழுதுங்கள், பலகை பெரும்பாலும் இருக்காது.

பெயர் எழுதுவது

தமிழ்நாட்டில் முதன்மைப் பெயர்ப் புலத்தில் (பெயரை நிரப்பும் கட்டத்தில்) பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் பெயர் இருப்பதைப் பார்ப்பீர்கள். உணர்ச்சிவசப்பட்டு அதை அழித்துவிட்டுத் தமிழை எழுதாதீர்கள், யாராவது திருப்பி மாற்றுவார்கள், சண்டை தொடங்கும். பெயர்ப் புலத்தின் பக்கத்தில் உள்ள கூட்டல் குறியை அழுத்தினால் மொழிவாரிப் பெயர் சேர்க்கும் இடம் வரும். தமிழைத் தேர்ந்தெடுத்து அங்கே எழுதுங்கள். செயலியின் மொழியைத் தமிழாக வைத்திருப்பவர்களுக்கு ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்மாண்ட் போன்றவை அந்தப் பெயரை எடுத்துக் காட்டும்.

பெயரை மொழிபெயர்க்காதீர்கள், பலகையில் இருப்பதை எழுதுங்கள். கடைக்காரர் 'ஸ்டோர்ஸ்' என்று பலகை வைத்திருந்தால் அது ஸ்டோர்ஸ்தான், நாம் அங்காடியாக்க வேண்டாம். ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஒரு பெயருக்கு நான்கு வடிவம் இருப்பது நமக்குப் பழகியதுதான். 2020 ஜூனில் தமிழ்நாட்டில் 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி அரசாணை வந்து, சில நாள்களிலேயே திரும்பப் பெறப்பட்டது நினைவிருக்கலாம். இன்னொரு வழக்கு இருந்தால் மாற்றுப் பெயர்ப் புலத்தில் போடுங்கள். பெயர் மாற்றப்பட்ட தெருவுக்குப் பழைய பெயர் என்று தனிப் புலம் உண்டு. தாத்தா காலத்துப் பெயரைச் சொல்லித் தேடுகிறவருக்கும் தெரு கிடைக்கட்டும்.

சேமிக்கும் முன்

சேமி என்று அழுத்தினால் என்ன செய்தீர்கள் என்று கேட்கும். 'திருத்தம்' என்று ஒற்றைச் சொல் போடாதீர்கள். 'மேல மாசி வீதிப் பகுதியில் நடந்து பார்த்துக் கடைகளும் தமிழ்ப் பெயர்களும் சேர்த்தேன்' என்பதுபோல் எழுதுங்கள். யாராவது சரிபார்த்தால் நல்லது என்ற பெட்டியும் அங்கேயே இருக்கும், முதல் சில முறை அதில் குறியிடுங்கள். எச்சரிக்கை காட்டினால் படித்துச் சரிசெய்யுங்கள். ஒரே சேமிப்பில் மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் திருத்தினால் இரண்டுக்கும் நடுவில் உள்ள இடமெல்லாம் உங்கள் திருத்தத்தைச் சுற்றித் தளம் போடும் பெட்டிக்குள் வந்துவிடும், பார்க்கிறவர் மிரண்டுபோவார். ஊர் மாறும் முன் சேமித்துவிடுங்கள்.

சில நிமிடங்களில் தளத்தில் தெரு தெரியத் தொடங்கும். தெரியாவிட்டால் உலாவியின் பழைய நினைவைப் புதுப்பித்துப் பாருங்கள். கைப்பேசிச் செயலிகளுக்கு அடுத்த வரைபட இறக்கம் வரும்வரை பொறுக்க வேண்டும்.

யாராவது உங்கள் திருத்தத்தின் கீழ்க் கேள்வி எழுதினால் மின்னஞ்சல் வரும். பதில் எழுதுங்கள், தமிழில் எழுதினாலும் பரவாயில்லை. தப்பு நடந்திருந்தால் பழைய நிலைக்குத் திருப்ப முடியும், ஒவ்வொரு மாற்றத்தின் வரலாறும் அங்கே இருக்கிறது. யாரிடமாவது ஊர்க் கடைப் பட்டியல் எக்செல் கோப்பாக இருந்து, அதை மொத்தமாக ஏற்றலாமே என்று தோன்றினால் நிறுத்துங்கள். மொத்தப் பதிவேற்றத்துக்கு உரிமமும் முன்கூட்டிய விவாதமும் வேண்டும், புதியவர் செய்யும் வேலை இல்லை.

ஆறு மாதம் கழித்து அதே தெருவில் இன்னொரு முறை நடங்கள். டீக்கடை இருந்த இடத்தில் மொபைல் கடை வந்திருக்கும். புள்ளியை நகர்த்தாமல், வகையையும் பெயரையும் மாற்றுங்கள். பழைய கடையின் போன் நம்பரும் திறக்கும் நேரமும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கும், அவற்றை எடுத்துவிட மறக்க வேண்டாம்.